சீட்டுக்கு அடியில் சிவப்பு எழுத்து

ஜூலை 5, திங்கள்

நானே அச்சுக் கோத்த ஒரு வரியை நானே மறைக்க வேண்டும். இன்று அச்சகத்தில் எனக்கு வந்த வேலை இது.

சுகாதாரத் துறையின் கொரோனா தடுப்பூசிச் சுவரொட்டி. ஏப்ரலில் நான்தான் கம்ப்யூட்டரில் வடிவமைத்தேன். மேலே ஊசிப் படம், நடுவில் சிரிக்கிற குடும்பம், கீழே ஒரு வரி: "கர்ப்பிணிகள் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டாம்." எழுத்து தடிமனாக இருக்க வேண்டும் என்று கேட்டது துறை. சிவப்பு மட்டும் என் யோசனை, கண்ணில் படட்டும் என்று. அந்த வாரம் எனக்கு இரண்டாவது மாதமாக நாள் தள்ளிப்போயிருந்தது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. புரூஃப் பார்க்கும்போது மற்ற வரிகளைவிட அந்த வரியைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தேன், அவ்வளவுதான்.

இப்போது உத்தரவு மாறிவிட்டது. கர்ப்பிணிகளும் போட்டுக்கொள்ளலாமாம். அடித்த சுவரொட்டிகள் கட்டுக் கட்டாக மிச்சம் கிடப்பதால் புதிதாக அடிக்கப்போவதில்லை. அந்த ஒரு வரியின் மேல் வெள்ளைச் சீட்டு ஒட்டி அனுப்ப வேண்டும்.

சரி, ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் நடுவில் என்ன நடந்தது? ஊசி மாறியதா, நாங்கள் மாறினோமா? வந்த தாளில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. முதலாளியிடம் கேட்டேன்.

"நமக்கு எதுக்கும்மா அதெல்லாம். மேட்டர் வந்துச்சு, அடிக்கிறோம்."

அவருக்கு எதுக்கு, சரிதான். வயிறு என்னுடையது.

ஜூலை 8, வியாழன்

சீட்டு ஒட்டும் வேலை முடிந்தது. விரல் இடுக்கெல்லாம் பசை.

முதலாளி பில் புத்தகத்துக்கு வாங்கி மிச்சமிருந்த காகிதத்தைச் சீட்டுக்கு எடுத்துக் கொடுத்தார். வெங்காயத் தோல்போல இருக்கிறது அது. ஒன்றை ஒட்டி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். கறுப்பில் "போட்டுக்கொள்ளலாம்." அதன் அடியிலிருந்து சிவப்பில் "வேண்டாம்" மங்கலாக எட்டிப் பார்க்கிறது.

"சார், அடியில இருக்கறது தெரியுது."

"கிட்டப் போய்ப் பாத்தாத்தான் தெரியும். யாரு உத்துப் பாக்கப் போறா?"

"பாக்கறவங்க பாப்பாங்க."

"உனக்கு வாய் ரொம்ப நீளம்மா."

"வயிறும்தான் சார்."

சிரித்துவிட்டார். கெட்டவர் இல்லை. நான் நின்று ஒட்டக் கூடாது என்று தன்னுடைய மெத்தை நாற்காலியை மேசைக்குத் தள்ளிக்கொண்டு வந்து போட்டவர். ஆனால் காகிதத்தை மட்டும் மாற்றவில்லை. நல்ல மனிதர்கள் செய்கிற அரைகுறை வேலைக்கு யாரைத் திட்டுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஜூலை 10, சனி

பசி. எழுந்தால் பசி, உட்கார்ந்தால் பசி. கணவன் தட்டிலிருந்தும் எடுத்துத் தின்றுவிட்டேன். "ரெண்டு பேருக்குச் சாப்பிடறே, சரி. அதுல நான் ஒருத்தனா?" என்கிறான்.

ஜூலை 14, புதன்

பரிசோதனை நாள். புதன்கிழமை முழுவதும் மருத்துவமனையின் பின்பக்கத் தாழ்வாரம் எங்களுடையது. ஒரு பெஞ்சில் ஒன்றுவிட்டு ஒரு இடத்தில் பெருக்கல் குறி போட்டு ஒட்டியிருக்கிறார்கள். இருவர் உட்காரும் அகலத்துக்கு நாங்கள் ஒவ்வொருவரும் இருக்கிறோம் என்பதை அந்தக் குறி போட்டவர் யோசிக்கவில்லை. கணவன்மார்களை உள்ளே விடுவதில்லை. அவன் கேட்டுக்கு வெளியே மரத்தடியில் நின்று எனக்குக் கை காட்டிக்கொண்டிருந்தான், ரயில் கிளம்பப்போகிற மாதிரி.

எதிர்ச்சுவரில் எங்கள் சுவரொட்டி.

யாரு உத்துப் பாக்கப் போறா என்று கேட்டாரே முதலாளி. நாங்கள்தான். காலையில் வந்து உட்கார்ந்தால் மதியம்வரை அந்தச் சுவரைத் தவிர வேறு காட்சி இல்லை. அதைக் கர்ப்பிணிகள் பார்த்த அளவுக்கு எந்த அதிகாரியும் பார்த்திருக்க மாட்டார்.

என் பக்கத்தில் ஒரு பஸ் கண்டக்டர், ஆறு மாதம். இது இரண்டாவது. கழுத்தில் விசில் இல்லாவிட்டாலும் இருக்கிற மாதிரியே பேசுவாள். வரிசையில் யாராவது தயங்கினால், "முன்னாடி போங்க, முன்னாடி போங்க, உள்ள எடம் இருக்கு" என்று தள்ளிவிடுவாள். விசில் அக்கா என்று நான் கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். அவள் என்னை "ஏ பிரஸ்ஸு" என்கிறாள். அடுத்தாற்போல் ஒரு பள்ளி ஆசிரியை. எனக்குப் பத்து வயது மூத்தவர் இருக்கலாம். என்னைவிடச் சின்ன வயிறுதான், ஆனால் அதன்மேல் எப்போதும் இரு கையும்.

டீச்சர்தான் முதலில் எழுந்துபோய்ப் பார்த்தார். சீட்டின் ஓரத்தை நகத்தால் கிளப்பினார். முதலாளியின் பசை. பாதிக்குமேல் கையோடு வந்துவிட்டது.

"பாத்தீங்களா? உள்ள வேண்டாம்னு இருக்கு. மறைச்சிருக்காங்க."

தாழ்வாரம் மொத்தமும் வயிற்றைத் தூக்கிக்கொண்டு எழுந்தது. "அய்யய்யோ, அப்ப நம்மளவச்சு சோதனை பண்றாங்களா?" "எங்க தெருவுல ஒருத்திக்குப் போட்டு மறுநாளே..." "கர்ப்பிணி உடம்புச் சூட்டுக்குக் கொரோனா தங்காதுங்கறாங்க, எதுக்கு ஊசி?" ஆளுக்கொன்று.

என் வாய் சும்மா இருக்குமா? "அதை ஒட்டினதே நான்தான்" என்றேன்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நானே சுகாதாரத் துறை ஆகிவிட்டேன்.

"அப்ப நீயே சொல்லு," என்றாள் விசில் அக்கா. "எது நெசம்? மேல இருக்கறதா, கீழ இருக்கறதா?"

"தெரியல அக்கா."

"அடிச்சது நீ, ஒட்டினது நீ, உனக்கே தெரியலயா?"

தெரியல. அதுதான் எரியுது. உள்ளே போனதும் எடை பார்த்த பெண்ணிடம் கேட்டேன். "உங்க விருப்பம்மா. போடறதுன்னா கையெழுத்துப் போடுங்க." ஊருக்கெல்லாம் போட்டுக்கோ, போட்டுக்கோன்னு மைக் வெச்சுக் கத்துறாங்க. எங்ககிட்ட வந்தா மட்டும் விருப்பமாம். ஊசியைச் சோதிச்சப்ப எங்களைச் சேக்கவே இல்லையாம், பாதுகாப்புக்காக. சரி. இப்ப ஒண்ணும் தெரியாம தனியா முடிவெடுன்னு விடறது மட்டும் யாரோட பாதுகாப்புக்கு?

ஜூலை 16, வெள்ளி

வீட்டில் இன்று கருத்துக் கேட்பு.

அத்தை, அவனுடைய அம்மா, கீழ்ப் போர்ஷனில் இருக்கிறார். முழங்கால் வலியோடு படியேறி வந்து, "வேணாம்மா, எனக்கு மூணு பெத்ததுல ஒரு ஊசிகூடப் போடல" என்றார். மூன்று பிரசவத்துக்கும் ஊசி போட்டார்கள் என்று மாமா சமையலறையிலிருந்து சொன்னார். "அது வேற ஊசி" என்றார் அத்தை. என் அம்மா போனில், "டாக்டர் சொல்றதைக் கேளு." டாக்டர் என் விருப்பம் என்கிறார்.

அவனிடம் கேட்டேன். "உன் உடம்பு. நீ என்ன சொன்னாலும் எனக்குச் சரி."

நல்ல பதில். முற்போக்கான பதில். கேட்டதும் தலையணையை எடுத்து அடித்தேன்.

"எதுக்குடி அடிக்கிறே?"

"எல்லாரும் என் தலைலயே கட்டுறீங்கடா. நீயாவது பயமா இருக்குன்னு சொல்லித் தொலை."

தலையணையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். லிஃப்ட் மெக்கானிக் அவன். அடுக்குமாடி அடுக்குமாடியாய்ப் போய்ப் பெட்டிக்குள் நின்று வேலை பார்க்கிறவன். போன வருடம் அவன் கூட்டாளி ஒருவர் இந்த நோயில் போனார். "பயமாத்தான் இருக்கு," என்றான் பிறகு. "போட்டாலும் பயம், போடாட்டியும் பயம். வீட்டுக்கு அதைக் கொண்டுவரப்போறது நான்தான்னு தோணிக்கிட்டே இருக்கு."

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. இரண்டு பேரும் பயந்துகொண்டே டீ குடித்தோம். நன்றாக இருந்தது.

ஜூலை 21, புதன்

டாக்டர் இன்றும், "போட்டா நல்லது, போடலைன்னா உங்க பொறுப்பு" என்று அடுத்த பெயரைக் கூப்பிடச் சொன்னார். நான் நாற்காலியைவிட்டு எழவில்லை. "ஏப்ரல்ல ஏன் வேண்டாம்னீங்க?" அவர் கண்ணைப் பார்த்தேன். தூங்காத கண். வெளியே எத்தனை பேர் என்று அவருக்கும் தெரியும். "ஊசி அறையில சிஸ்டர் இருக்காங்க, கேளுங்க" என்றார். கோபப்பட வந்தவளுக்குக் கோபப்படவும் வழியில்லை.

சிஸ்டர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். போகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். மூடியை மறுபடி போட்டு மூடினார்.

"ஏப்ரல்ல வேண்டாம்னது, ஆபத்துன்னு தெரிஞ்சதால இல்லம்மா. ஒண்ணுமே தெரியாததால. சோதனையில கர்ப்பிணிங்களைச் சேக்கல, அதனால சொல்றதுக்குக் கையில எதுவும் இல்ல."

"இப்ப?"

"அதுக்கப்புறம் நிறைய நாட்டுல கர்ப்பிணிங்க போட்டிருக்காங்க. அவங்களைத் தொடர்ந்து பாத்திருக்காங்க. கரு கலையறது அதிகமாகல. இன்னொரு பக்கம், போடாம நோய் வந்தவங்களைப் பாத்தா, மத்தப் பொண்ணுங்களைவிட வயித்துல பிள்ளையோட இருக்கறவங்களுக்குத்தான் ஆக்சிஜன் அதிகம் தேவைப்படுது. பிள்ளையும் சீக்கிரம் பொறந்துடுது. மாடி வார்டுல இப்பவும் இருக்காங்க."

"எல்லாம் தெரிஞ்சுபோச்சா?"

"இல்ல. பத்து வருசம் கழிச்சு என்னன்னு கேட்டா எனக்குத் தெரியாது. இன்னிக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்."

இவ்வளவுதான். இதைச் சொல்ல ஓர் ஆளுக்கு ஒரு சாப்பாட்டு நேரம்கூட ஆகவில்லை. 'தெரியாது' என்று ஒருவர் சொன்ன பிறகுதான் அவர் 'தெரியும்' என்று சொன்னதை என்னால் நம்ப முடிந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டேன்.

மாலை. காய்ச்சல் லேசாக. கை கனக்கிறது. பிள்ளை அசையவில்லை. மதியத்திலிருந்தே அசையவில்லை. தூங்குதா? ஊசியாலயா? போட்டிருக்கக் கூடாதோ? அவன் காதை வயிற்றில் வைத்துக்கொண்டு, "உள்ள யாராவது இருக்கீங்களா, கதவு மூடப்போகுது" என்றான். அழுகையாக வந்தது. அடுத்த நிமிடம் அவன் காதிலேயே ஓர் உதை.

ஜூலை 22, வியாழன்

காய்ச்சல் இல்லை. உதை உண்டு. பசி உண்டு.

ஜூலை 26, திங்கள்

முதலாளியிடம் போனேன். சிஸ்டர் சொன்னதை நான்கு வரியாக அடித்து, சீட்டுக்குப் பதில் இதை ஒட்டலாம் என்றேன். அடியில் இருப்பதை மறைக்க வேண்டாம், ஏன் மாறியது என்று பக்கத்திலேயே சொல்லிவிடலாம்.

"அவங்க குடுத்த மேட்டர்ல கை வைக்க நாம யாரும்மா?"

"படிச்சுட்டு நம்பாம போறவங்க யாரு சார்?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். "நான் அடிச்சா ஆர்டர் போயிடும். நீ கையால எழுதிக்கிட்டா அது உன் கையெழுத்து." ஓர் அட்டையும் மார்க்கரும் எடுத்து மேசையில் வைத்துவிட்டு, எதுவும் நடக்காததுபோல் மெஷின் பக்கம் போய்விட்டார்.

ஜூலை 28, புதன்

அட்டையைச் சிஸ்டரிடம் காட்டினேன். அவர் டாக்டரிடம் காட்டினார். டாக்டர் ஒரு சொல்லை மாற்றிவிட்டு, மாட்டிக்கொள்ளுங்கள் என்றார். சுவரொட்டிக்குப் பக்கத்தில் தொங்குகிறது:

"ஏப்ரலில் வேண்டாம் என்றோம். அப்போது எங்களுக்குத் தெரியாது. இப்போது கொஞ்சம் தெரியும். தெரிந்ததையும் தெரியாததையும் ஊசி அறையில் கேளுங்கள்."

விசில் அக்கா அதை நிறுத்தம் நிறுத்தமாகச் சத்தம் போட்டு வாசித்தாள். "கேட்டீங்களா எல்லாரும்? கேள்வி கேக்கறவங்க எறங்கிக்கலாம்." அவள் போட்டுக்கொண்டாள். "நான் கூட்டத்துல தொங்கறவ. எனக்கு இல்லாம யாருக்கு?" இன்னும் சிலர் உள்ளே போய்க் கேட்டார்கள். சிலர் போட்டார்கள், சிலர் அடுத்த புதன் என்றார்கள்.

டீச்சர் போகவில்லை. நான் விடுவேனா? "படிச்சவங்க, நீங்களே பயந்தா எப்படி டீச்சர்?"

கேட்டிருக்கக் கூடாது. அவர் கோபப்படவில்லை. மெதுவாகச் சொன்னார்: "இது எனக்கு மூணாவது. முதல் ரெண்டும் தங்கல. அப்ப பாத்த டாக்டருங்க எல்லாரும் சொன்னது ஒண்ணுதான், ஒரு தலைவலி மாத்திரைகூடக் கேக்காம போடாதேன்னு. அதை அப்படியே பிடிச்சுக்கிட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கேன். இப்ப ஒரு நாள் திடீர்னு வந்து ஊசி போட்டுக்கோன்னா, கை நீட்ட முடியல. பாடம் நானும் நடத்துறேன்மா. எனக்குப் புரியாம இல்ல. வீட்டுலதான் இருக்கேன், ஆன்லைன் வகுப்பு. வாசல்படி தாண்டறதில்ல. அது என்னை எப்படித் தேடி வரும்?"

அட்டையில் நான்கு வரி எழுதிவிட்டால் எல்லாருக்கும் போதும் என்று நினைத்திருந்தேன். அவருக்கு அவருடைய நான்கு வரி வேண்டும்.

ஆகஸ்ட் 11, புதன்

டீச்சர் இந்த வாரமும் வரவில்லை. மருத்துவமனைக்கு வருவதே ஆபத்து என்று பரிசோதனையையும் நிறுத்திவிட்டாராம். அவர் நம்பரை விசில் அக்காவிடம் வாங்கிக்கொண்டேன். கூப்பிடவில்லை. என்ன சொல்வது?

ஆகஸ்ட் 25, புதன்

இரண்டாவது ஊசி. இந்த முறை காய்ச்சல்கூட இல்லை. பிரஸ்ஸில் கல்யாணப் பத்திரிகை வேலை திரும்ப ஆரம்பித்துவிட்டது. மனிதர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். "வருபவர்கள் முகக்கவசம் அணியவும்" என்று பத்திரிகையில் சேர்க்கச் சொன்னார் ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரர். அதே பத்திரிகையில் விருந்துக்கு நாலு வேளை போட்டிருந்தார்.

செப்டம்பர் 6, திங்கள்

அவனுக்கு இருமல். சோதனையில் கொரோனா என்று வந்துவிட்டது. எட்டாவது மாடி லிஃப்ட் வேலையிலிருந்து என்று அவன் சொல்கிறான். "சொன்னேன்ல, நான்தான் கொண்டுவருவேன்னு."

படுக்கையறை அவனுக்கு, கூடம் எனக்கு. நடுவில் மூடிய கதவு.

செப்டம்பர் 8, புதன்

எனக்கும்.

செப்டம்பர் 9, வியாழன்

எனக்கும் வந்ததில் ஒரே ஒரு லாபம், கதவைத் திறந்துவிட்டோம். காய்ச்சல், உடம்புவலி, வாய் மரத்துப்போன மாதிரி. சிஸ்டருக்குப் போன் போட்டேன். எந்த மாத்திரை சாப்பிடலாம், விரலில் மாட்டும் கருவியில் எண் எவ்வளவு இறங்கினால் உடனே வர வேண்டும், பிள்ளையின் அசைவு குறைந்தால் என்ன செய்ய வேண்டும், எல்லாம் நிதானமாகச் சொன்னார். அத்தை படியேற முடியாமல் கீழேயே நின்று, கயிற்றை இறக்கச் சொல்லிச் சாப்பாட்டுப் பையை அதில் கட்டி, மேலே இழுக்கச் சொல்கிறார். அவன் இழுக்கும்போது, "இதுதான்டி என் மொத லிஃப்ட்" என்கிறான்.

பயமா? இருக்கிறது. ஜூலையில் இருந்த பயம் இல்லை. அது இருட்டில் இருப்பது. இது விளக்கைப் போட்டுவிட்டு ஒரு பாம்பைப் பார்ப்பது.

செப்டம்பர் 22, புதன்

குணமாகிவிட்டது. இரண்டு பேருக்கும், இல்லை, மூன்று பேருக்கும். இன்று பரிசோதனையில் இதயத்துடிப்பு கேட்கும் கருவியை வயிற்றில் வைத்தபோது, சிஸ்டரிடம் அனுமதி வாங்கி, போனை அதன் வாயில் பிடித்தேன். கேட்டுக்கு வெளியே மரத்தடியில் அவன் காதில் போன்.

"கேக்குதா?"

"கேக்குது. இருடி, பேசாதே." ரொம்ப நேரம் மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு: "புது மோட்டார் மாதிரி ஓடுது. சர்வீஸே தேவையில்ல."

நான் வெளியே வந்தபோது அவன் கண் சிவந்திருந்தது. தூசியாம்.

செப்டம்பர் 29, புதன்

டீச்சர் மாடி வார்டில் இருக்கிறார்.

விசில் அக்கா சொன்னாள். வாசல்படி தாண்டாதவருக்கு அது தேடிக்கொண்டு வந்தது, மின்விசிறியைச் சரிசெய்ய வந்த கொழுந்தனோடு. அவனுக்குத் தும்மல் மட்டும். இவருக்கு மூச்சு. ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள்.

நான் சொன்னது சரியாகப் போச்சுன்னு ஒரு நொடி மனசு நினைச்சுது. ஒரு நொடிதான். சீ. இதில் சரி என்ன, தப்பு என்ன? இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவங்க, மூணாவதைக் காப்பாத்த தனக்குத் தெரிஞ்ச ஒரே வழியைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஊசி போடாதேன்னு யார் அவங்ககிட்ட முதல்ல சொன்னது? நாம. சிவப்புல. தடிமனா. பிறகு மாத்திச் சொன்னப்ப யாராவது அவங்க வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் உக்காந்தாங்களா? நானும் போகல. நம்பர் வாங்கி வெச்சுக்கிட்டு சும்மா இருந்தேன்.

போன் போட்டேன். எடுக்கவில்லை. குரல் பதிவு அனுப்பினேன். என்ன பேசுவது என்று தெரியாமல், முதலாளி கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரையும் மாமனார் பெயரையும் மாற்றி அடித்த கதையைச் சொன்னேன்.

கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.

அக்டோபர் 2, சனி

தினமும் ஒரு கதை அனுப்புகிறேன். விசில் அக்காவும். அவளுடையதை வெளியில் சொல்ல முடியாது, எல்லாம் கடைசி பஸ் குடிகாரர்களைப் பற்றியது. இன்று டீச்சரிடமிருந்து எழுத்தில் வந்தது: "சிரிக்க வைக்காதீங்க. மூச்சு வாங்குது."

எனக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டாம்.

அக்டோபர் 8, வெள்ளி

டீச்சருக்கு அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். நாள் இருக்கும்போதே. பெண். ஒரு சின்ன டார்ச் லைட் அளவுதானாம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. தாய்க்கு ஆக்சிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள்.

விசில் அக்கா போனில் அழுதாள். "பொட்டிக்குள்ள இருந்தாலும் அழுவுதாம் பிரஸ்ஸு. நல்லா அழுவுதாம்."

அக்டோபர் 20, புதன்

விசில் அக்காவுக்குப் பையன். பிறக்கும்போது ஒரு சத்தம் போட்டானாம், வார்டு மொத்தமும் ஓரமாக ஒதுங்கிவிட்டதாம். அவளே சொல்லிக்கொள்கிறாள்.

அக்டோபர் 28, வியாழன்

டீச்சர் வீட்டுக்கு வந்துவிட்டார். பிள்ளை இன்னும் பெட்டியில். தினமும் பாலைப் பிழிந்து எடுத்துக்கொண்டு போகிறாராம். இன்று முதல்முறை அவராகவே கூப்பிட்டார். நெடுநேரம் பால், எடை, தூக்கம் என்று பேசிவிட்டு, வைக்கும்போது, "அன்னிக்கு நான் உள்ள போய்க் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாங்க?" என்றார்.

சிஸ்டர் எனக்குச் சொன்னதைச் சொன்னேன். ஏப்ரலில் ஏன் வேண்டாம் என்றார்கள் என்பதிலிருந்து, பத்து வருடம் கழித்து என்ன என்று தெரியாது என்பதுவரை.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் டீச்சர்."

"ம்," என்றார். "இதைக் கேட்டிருந்தாலும் போட்டிருப்பேனான்னு தெரியல. ஆனா கேட்டிருக்கணும்."

நவம்பர் 10, புதன்

நேற்று இரவு வலி எடுத்தது, இன்று காலை முடிந்தது. நடுவில் நடந்ததைப் பற்றி எழுத எனக்கு மரியாதையான சொற்கள் இல்லை. ஆண். இந்த முறை கணவனை உள்ளே விட்டார்கள், புது உத்தரவாம். அதற்கும் ஏதாவது சுவரொட்டி இருக்கும். யார் ஒட்டினார்களோ, நன்றாக இருக்கட்டும்.

பிள்ளையைக் கையில் வாங்கி, "ஓவர்லோடு இல்ல, லேசாத்தான் இருக்கான்" என்றான். பிறகு நாற்காலி தேடி உட்கார்ந்துவிட்டான்.

நவம்பர் 27, சனி

தூக்கம் இல்லை. எழுதவும் ஒன்றுமில்லை. குடிக்கிறான், நனைக்கிறான், என்னைப் பார்க்கிறான். வேறென்ன வேண்டும்?

டிசம்பர் 22, புதன்

பிள்ளைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி. தொடையில் குத்தியதும் முகம் சுருங்கி, ஒரு நீண்ட மௌனம், பிறகு தாழ்வாரமே கேட்கிற அழுகை. நானும் கொஞ்சம் அழுதேன். சிஸ்டரிடம் வழக்கம்போல் கேள்விகள் கேட்டேன். அவரும் வழக்கம்போல் பதில் சொன்னார்.

வெளியே வந்தால் டீச்சர். மெலிந்திருக்கிறார், படியேறினால் நின்று நின்றுதான் வருகிறார். ஆனால் தோளில் துணி மூட்டை ஒன்று, அதற்குள் இருந்து இரண்டு கறுப்புக் கண்கள். நோய் வந்து மூன்று மாதம் ஆகட்டும் என்று நாள் சொல்லியிருந்தார்களாம், இன்று அவருக்கு ஊசியாம். பால் கொடுக்கிறவர்கள் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வந்தாராம். இன்னும் கேட்க வேண்டியது இருக்கிறதாம்.

"கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா?"

முதல்முறை அவர் கை அவர் வயிற்றின்மேலோ பிள்ளையின்மேலோ இல்லாமல் வெறுமனே இருப்பதைப் பார்த்தேன். இடது கையில் என்னுடையவன், அழுது முடித்து விக்கிக்கொண்டு. வலது கையில் அவருடையவள், எடையே இல்லாமல், என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு.

அவர் உள்ளே போனார். கதவு பாதி திறந்திருந்தது. டீச்சர் கேள்வி கேட்கும் குரல் கேட்டது, வகுப்பில் கேட்பதுபோல், ஒவ்வொன்றாக, பதில் முடியும்வரை பொறுத்து. பிறகு அடுத்தது. அதற்குப் பிறகு அடுத்தது. என் இரண்டு கையும் மரத்துப்போய்விட்டன. பெஞ்சில் உட்காரலாம்தான். இரண்டும் தூங்கிவிட்டன, உட்கார்ந்தால் விழித்துக்கொள்ளும். அவர் கேட்டு முடிக்கட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.